இருபத்தோராம் நாளின் முத்திரை

நாற்காலி கொஞ்சம் ஆடுகிறது. பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான். என் அறையில் இருந்ததும் இப்படித்தான். ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துப் பதினொரு வருஷம் ஓட்டினேன். என் வாக்குமூலத்தை நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நாடாளுமன்றக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் வாசிப்பு அறைக்கு நான் பொறுப்பாளன். வெளிநாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் அதன் வரைவை அரசாங்கம் அந்த அறையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். மேற்பார்வைக் குழு உறுப்பினர்கள் ஒன்பது பேரும் வந்து படிக்கலாம். கைப்பேசி கூடாது, நகல் எடுக்கக் கூடாது. குறிப்பெடுக்கலாம், ஆனால் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நான் அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். மொத்தம் இருபத்தொரு வேலை நாள் அவகாசம். அதற்குள் யாராவது ஒருவர் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் போதும், குழு கூடி விவாதிக்கும்வரை ஒப்பந்தம் நிற்கும். யாரும் கொடுக்காவிட்டால், நாடாளுமன்றத்தைக் கலந்தாலோசித்தாயிற்று என்று ஒரு சான்றிதழ் போகும். அதைத் தட்டச்சு செய்பவனும் நான்தான்.

ஏழு ஒப்பந்தங்கள் என் மேஜையைத் தாண்டிப் போயின. ஓர் ஆட்சேபம்கூட வந்ததில்லை. உறுப்பினர்கள் வருவார்கள், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள், ஏசிக்கு நேர்கீழே இருக்கும் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். எட்டாவதாக இந்த ஒப்பந்தம் வந்தபோது குழுத் தலைவர் காகிதக் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை பக்கம்பா?"

"ரெண்டாயிரத்து எழுநூறு, சார்."

"நடுவுல படம் கிடம் ஏதாவது இருக்கா?"

"வரி அட்டவணை இருக்கு, சார்."

"அப்ப நீயே படிச்சுட்டுக் கதையச் சொல்லிடு."

சிரித்துக்கொண்டே போனார். நான் படித்தேன். எப்போதுமே படிப்பேன். ஒரு மனிதன் தினமும் ஏழு மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆலோசனை என்றால் என்ன என்பது எனக்கு அந்த அறைக்கு வெளியிலும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "உனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்ல. யோசிச்சுச் சொல்லு. உன்னைக் கேக்காம செய்வோமாடா?" என்றாள். அவள் அதைக் கேட்டபோது அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கியாயிற்று. அத்தான் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. என் ரத்தம், அதற்கு இரண்டு வாரம் முன்பே, வேறு ஏதோ பரிசோதனை என்று சொல்லி எடுக்கப்பட்டிருந்தது. படிவத்தில் நான்கு இடங்களில் கையெழுத்துப் போட்டேன். நான் குறை சொல்லவில்லை. நடைமுறை எங்கும் அப்படித்தான் என்று சொல்ல வந்தேன்.

அறுவைக்குப் பிறகு அக்கா நன்றாக இருந்தாள். உடம்பு என் சிறுநீரகத்தை அந்நியன் என்று தள்ளிவிடாமல் இருக்கக் காலையிலும் மாலையிலும் ஒரு நீல மாத்திரை சாப்பிட வேண்டும். உள்ளூரில் தயாராகும் மாத்திரை, விலை குறைவு. மாதத்தின் முதல் வாரத்தில் அலுவலகம் விட்டு வரும் வழியில் வாங்கி வருவது என் வேலை.

இப்போது நர்ஸம்மாவுக்கு வருகிறேன்.

குழுவில் அவர் புது உறுப்பினர். இருபது வருஷம் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். மற்றவர்கள் கேலியாக வைத்த பெயர்தான் நர்ஸம்மா. அவர் அதற்குத் திரும்பியும் பார்ப்பார். ஐந்தாம் நாள் வந்தார், கண்ணாடியை மாட்டினார், முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஒரு நாள் தவறவில்லை. விரலை வரிக்கு அடியில் வைத்துப் படிப்பார். இடையிடையே என்னைக் கேட்பார்.

"இது தமிழாங்க? ஒரு வரியில மூணு தடவை மூச்சு விட வேண்டியிருக்கு."

"சட்டத் தமிழ் மேடம்."

"நோயாளிக்கு மருந்துச் சீட்டு இப்படி எழுதினா எங்க டாக்டரை அடிச்சிருப்பாங்க."

அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பேச்சுவார்த்தைக் குழுவின் அதிகாரி ஒருவர் இருந்தார். எந்நேரமும் பெட்டியும் கையுமாக இருந்ததால் சூட்கேஸ் என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பதாம் நாள் என் அறைக்கு வந்தவர், ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். விழித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்தத் தடவை முடிஞ்சிடும்ல அண்ணே? எட்டு வருஷம். வீட்டு நாய்கூட என்னைப் பாத்துக் குரைக்குது" என்றார். அவ்வளவுதான். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. யாரும் எனக்கு எதுவும் தரவில்லை. அந்தப் பக்கம் தோண்டினால் உங்கள் நேரம்தான் வீணாகும்.

ஒன்பதாம் இணைப்பில் மருந்துகளைப் பற்றி ஒரு பிரிவு இருந்தது. உள்ளூர் கம்பெனி தன் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, மருந்தை முதலில் கண்டுபிடித்த கம்பெனியின் ஆய்வைக் காட்டக் கூடாது. சொந்தமாக ஆய்வு செய்ய வேண்டும். அதற்குப் பல வருஷம் ஆகும், அதுவரை விற்க முடியாது. கீழே மருந்துகளின் பட்டியல். நர்ஸம்மா அந்தப் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்.

இருபத்தோராம் நாள் மாலை நாலே முக்காலுக்கு ஆட்சேபத்தை எழுதிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். ஐந்து மணிவரை நேரம் இருந்தது. நான் முத்திரையை எடுத்துக் குத்தினேன். அது கையால் திருகித் தேதி மாற்றும் பழைய ரப்பர் முத்திரை. காலையில் தபால் கூட்டமாக வரும் என்பதால், முந்தின நாள் சாயங்காலம் நாலரைக்கே அடுத்த நாளுக்குத் திருகி வைப்பது என் வழக்கம். அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். நாலரைக்கு மேல் இந்த அறைக்கு யாரும் எதுவும் கொண்டுவந்ததே இல்லை. அதனால் அவருடைய தாளில் இருபத்திரண்டாம் நாளின் தேதி விழுந்தது.

"ரசீது தரட்டுங்களா?"

"உங்ககிட்டதானே குடுத்திருக்கேன். ரசீது எதுக்கு?" என்றார். வெளியேறும் நேரத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் குழு அலுவலகம் அதைக் காலம் கடந்து வந்தது என்று கோப்பில் போட்டது. நான் சான்றிதழைத் தட்டச்சு செய்தேன். ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த மறுநாள் அவர் ஊரிலேயே இல்லை. இருந்திருந்தால் உங்களுக்கு இந்த வேலை வந்திருக்காது.

பழக்க தோஷம் என்றுதான் முதல் விசாரணையில் சொன்னேன். அது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. அன்றைக்கு நான் முத்திரையைத் திருகியது நாலரைக்கு அல்ல. இரண்டு மணிக்கு. அவர் சாப்பிடப் போயிருந்தார். அலமாரியைத் திறந்து அவருடைய குறிப்பேட்டைப் படித்தேன். ஆட்சேபம் முழுக்க எழுதி முடித்திருந்தார், தனித் தாளில் எடுத்து எழுதுவதுதான் பாக்கி. "நான் வேலை பார்த்த வார்டில் மட்டும் இந்த மருந்துகளை நம்பி அறுபத்திரண்டு பேர் இருக்கிறார்கள்" என்று முடித்திருந்தார். ஓரிடத்தில் பிரிவு எண் தவறாக இருந்தது. பென்சிலால் திருத்தி வைத்தேன். பிறகு குறிப்பேட்டைப் பூட்டிவிட்டு, முத்திரையைத் திருகினேன்.

ஏன் என்று கேட்டால், அலுப்பு. வேறு நல்ல பதில் என்னிடம் இல்லை. ஆட்சேபம் ஏறினால் கட்டு திரும்பிப் போகும், மறுபடி பேசுவார்கள், மறுபடி இருபத்தொரு நாள், மறுபடி அதே ஒன்பது பேர் வந்து ஏசிக்குக் கீழே உட்காருவார்கள். கடைசியில் அதே வாசகம்தான் வேறு எண்ணில் வரும். ஏழு ஒப்பந்தத்திலும் அதே வாசகங்களைப் பார்த்தவன் நான்.

நீல மாத்திரை பட்டியலில் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. நாற்பத்தோராவது பெயர். மாதா மாதம் வாங்குகிற எனக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்குமா? நர்ஸம்மா வருவதற்கு முன்பே, மூன்றாம் நாளே பார்த்துவிட்டேன்.

ஒப்பந்தம் கையெழுத்தான எட்டாம் மாதம் கடையில் சரக்கு நின்றது. வெளிநாட்டு மாத்திரை அத்தானின் சம்பளத்துக்கு எட்டவில்லை. அக்கா மிச்சமிருந்ததைக் கத்தியால் பாதி பாதியாக வெட்டிச் சாப்பிட்டாள். சமையலறை மேடையில் வைத்து வெட்டுவாள், தூள் சிதறினால் விரல் நுனியில் ஒற்றி எடுப்பாள்.

"ஏன்டா தம்பி, இதெல்லாம் உங்க ஆபீஸுக்குத்தானே முதல்ல வரும்? ஒருத்தர்கூடவா பாக்கல?"

"எல்லாரும் பாத்தாங்கக்கா. கையெழுத்து இருக்கு."

"என்னத்தப் பாத்தாங்களோ போ" என்று சிரித்தாள். அவளுக்கு யார்மேலும் கோபம் வராது.

நாலு மாதம் தாங்கினாள். அந்த அறுபத்திரண்டு பேரில் எத்தனை பேர் போனார்கள் என்பது உங்கள் கோப்பில் இருக்கும். என் வீட்டுக் கணக்கு இது.

அக்காமேல் எனக்கு ஏதாவது மனக்கசப்பு இருந்ததா என்று இரண்டாவது தடவையாகக் கேட்கிறீர்கள். இல்லை மேடம். அவள் நல்லவள். அவளோடு போன சிறுநீரகம் என்னுடையது, அதனால் நஷ்டம் எனக்கும்தான். அதை எடுத்தபோது முடிவு அம்மாவுடையது, தேதி அத்தானுடையது, கத்தி டாக்டருடையது. அந்தச் சிறுநீரகத்தைப் பற்றி நானாக எடுத்த முடிவு, முத்திரையைத் திருகியது ஒன்றுதான்.