உள்ளே யாராவது உண்டா?

கரகரக்கும் ஒலிபெருக்கியையும் கலையாத பொறுமையையும் ஒருங்கே கட்டிக் காத்து, இங்கே தலைமை தாங்கி வீற்றிருக்கும் எங்கள் ஸ்பானிய மொழி ஆசிரியை அவர்களே, முன்வரிசை நாற்காலிகளை மூன்று மணிக்கே கைக்குட்டை போட்டுப் பிடித்த பெரியோர்களே, பெற்றது என்ன உளறப்போகிறதோ என்று வயிற்றில் நெருப்போடு வந்திருக்கும் தாய்மார்களே, மீன் கிடங்கில் நின்று நின்று பழகி, இங்கும் சுவரோரம் நிற்கும் தொழிலாளத் தோழர்களே, கடைசியில் கைகட்டி நிற்கும் சூப்பர்வைசர் அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம். சூப்பர்வைசருக்குத் தமிழ் புரியாது. பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுங்கள், சர்க்கரை சேர்க்காமல்.

இந்த ஸ்பானிய ஊருக்குப் பிழைக்க வந்த நமக்கான மாலை வகுப்பின் ஆண்டுவிழாவுக்கு ஆளுக்கொரு வினைச்சொல் கொடுத்தார்கள். என் தோழிக்குப் 'பாடு' கிடைத்தது. அவள் பாடினாள், பாடுபட்டது நாம். எனக்குக் கிடைத்தது 'அய்'. பொருள், உண்டு.

யாரோ அங்கே 'ஐ' என்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான் சிரிக்க முடியும்.

வேலை உண்டா? அய். இல்லையா? முன்னால் ஒரு 'நோ' போடுங்கள், நோ அய். பின்னால் ஒரு 'கே' சேருங்கள், 'செய்தே ஆகவேண்டும்' என்று அதே சொல் பிடரியைப் பிடித்து உந்தும். ஒருவன் இருந்தாலும் அய், ஓராயிரம் பேர் இருந்தாலும் அய். ஆள் கணக்குப் பார்க்காத அற்புதச் சொல். நம் 'உண்டு' இல்லையா, அதன் அக்காள் மகள்.

இந்த அழகுச் சொல்லால்தான் ஓர் ஆளின் கை ஊனமாயிற்று.

மூன்றாம் வரிசையில், வலது கையைப் பைக்குள் மறைத்து அமர்ந்திருக்கிறாரே, அவர் என் மாமா. அம்மாவின் தம்பி. அவர் வேலை செய்த குளிர்கிடங்கில் நான்கு அறைகள். மாலை ஐந்து மணிக்கு ஒவ்வொரு கதவிலும் சூப்பர்வைசர் நின்று "அய் ஆல்கியென்?" என்று கூவுவார். உள்ளே யாராவது உண்டா? இருப்பவர் "அய்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்தால் கதவு காத்திருக்கும். வராவிட்டால் தாழ்ப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த வாரம் மாமா என்னிடம் கேட்டார்.

"ஏய் வாயாடி, அந்த ஆளு கத்துறப்ப நான் என்ன சொல்றது?"

"'நோ அய் நாதியே'ன்னு சொல்லுங்க மாமா."

"அப்படின்னா?"

"ரொம்ப மரியாதையான பதில்."

'ஒருவரும் இல்லை' என்று அதற்குப் பொருள். மறுநாள் பனிப்புகைக்குள் நின்று, தாம் இல்லவே இல்லை என்று மாமா மரியாதையாக அறிவித்தார். சிரித்தறியாத சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

"ஏன்டி, என்னடி சொல்லிக் குடுத்தே? அந்த ஆளுக்குப் பல்லு இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியும்."

"எத்தனை மாமா?"

"உன் வாலைவிடக் கம்மிதான்."

வேடிக்கை வேர்விட்டது. முதலில் உள்ளே இருப்பவர் சொன்னார். பிறகு வெளியே கையுறை கழற்ற வரிசையில் நின்றவர்களும் சொன்னார்கள். பிறகு கேள்வி முடியுமுன்பே முப்பது தொண்டைகள் முழங்கின. நான்கு கதவு, நான்கு முழக்கம், நாள்தோறும். என் நகைச்சுவைக்கு இவ்வளவு பெரிய சபையா என்று நான் பூரித்துப்போனேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மூன்றாம் அறையில், அடுக்கிய பெட்டி சரிந்து மாமாவின் கால்மேல் விழுந்தது. கதவில் கேள்வி வந்தது. அன்று அவர் விளையாடவில்லை. "அய்" என்றார். சரியான பதில். வெளியே முப்பது பேர் "ஒருவரும் இல்லை" என்று முழங்கிச் சிரித்தார்கள். தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளிருந்து திறக்கும் பிடி உடைந்து இரண்டு மாதம். அதற்குப் பதில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். பனியில் விறைத்திருந்த அது, மாமா இழுத்ததும் அறுந்தது. நாற்பது நிமிடம் கழித்துத் தரை கூட்ட வந்த அக்கா, வாசலில் கிடந்த ஒரு ஜோடிச் செருப்பைப் பார்த்தார். செருப்பு கொடுத்த குரல்தான் அவருக்குக் கேட்டது. கதவு திறந்தபோது குளிரில் வலது கையின் மூன்று விரல்கள் போயிருந்தன.

விசாரணை அறிக்கை என்ன சொல்கிறது? 'தொழிலாளி பதில் குரல் கொடுக்கவில்லை.' ஆகவே தவறு அவருடையது. ஆகவே வரும் வெள்ளிக்கிழமை அவர் பெயரை வேலைப் பட்டியலிலிருந்து அடிக்கிறார்கள். "யார் சொல்லிக் குடுத்தது அந்தப் பேச்சை?" என்று அம்மா கேட்டபோது, "எங்கயோ காதுல விழுந்துச்சுக்கா" என்றார் மாமா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா, முறைக்காதீர்கள். சொல்லியாயிற்று.

நான் மூட்டியதை நான் ஒப்புக்கொள்ளலாம். நான் காதால் கேட்காத குரலுக்கு நான் எப்படிச் சாட்சி சொல்வேன்? ஆஸ்பத்திரி வராந்தாவில், நான் பக்கத்தில் நிற்கும்போதே, சுவரோரம் நிற்கும் உங்களில் மூவர் என் அம்மாவிடம் சொன்னீர்கள். "உள்ளேருந்து சத்தம் வந்துச்சுக்கா, சிரிப்புல அமுங்கிருச்சு." அழுதுகொண்டே சொன்னீர்கள். விசாரணை அறையில் அழவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஏன்? பிடியைப் பற்றியும் கேட்பார்கள் என்றா? சிரித்தவர் யார் என்று கேட்பார்கள் என்றா? சிரித்தவர்களுக்கெல்லாம் தலைவி நான்தான். என் பெயரை முதலில் எழுதட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள் டீச்சர், தெரிகிறது. ஒரே ஒரு கேள்வி.

அய் ஆல்கியென்? அன்று அந்தக் குரலைக் கேட்டவர் இங்கே யாராவது உண்டா? முப்பது பேர் வேண்டாம். மூவர்கூட வேண்டாம். ஒருவர் போதும், இந்தச் சொல்லுக்கு.

காத்திருக்கிறேன்.

ஒரு கை தெரிகிறது. இரண்டு விரல்தான் இருக்கிறது. மாமா, நீங்கள் கையை இறக்குங்கள். நீங்கள் உள்ளே இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை அறைக் கதவு திறந்திருக்கும். நான் உள்ளே இருப்பேன். வெளியே நின்று முழங்காதீர்கள், உள்ளே வந்து சொல்லுங்கள்.

பொறுமையோடு கேட்டதற்கு நன்றி. நன்றிக்கு அந்த மொழியில் பதில் 'நோ அய் தெ கே'. நன்றி சொல்ல இதில் ஒன்றும் இல்லை என்று பொருள். அந்தப் பதிலை மட்டும் இன்று யாரும் எனக்குச் சொல்லிவிடாதீர்கள். வணக்கம்.