ஏரோதுவின் பெரிய கிரீடம்

“மாத்திரையப் போட்டுட்டுத்தான் பாய், ஏரோது ராஜா பச்சப் பிள்ளைகளக் கொல்லச் சொன்னான்!”

தெற்கு மாசி வீதிப் பக்கம், நாடக உடை வாடகைக்கு விடும் கடை. மகள் போட்ட மயில் வேஷத்தைத் திருப்பிக் கொடுக்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால், கையில் ஜிகினாக் கிரீடத்தோடு ஒரு மிஷன் ஹோம் வார்டன்.

“என்னம்மா சொல்றீக?” என்றார் கடைக்கார பாய்.

“எங்க ஹோம்ல எல்லாம் ஹெச்.ஐ.வி. பிள்ளைகதான. ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை போடணும். கிறிஸ்மஸ் நாடகத்துக்கு நடுவுல அலாரம் அடிச்சிருச்சு. ராஜா வேசம் போட்ட பய எந்திரிச்சு, ‘சேவகர்களே, முதல்ல மாத்திரை, அப்புறம் பெத்லகேம்’ங்கிறான். சபை பூராம் சிரிப்பு.”

“சபாஷ்!”

“இருங்க. முன் வரிசையில ஒரு அண்ணன், போன வருசம் எங்க பிள்ளைக குடுத்த கேக்கத் தொடாமலே போனவரு. சிரிச்ச சிரிப்புல தன் தண்ணி பாட்டில நீட்டிட்டாரு. இவன் வாய வச்சுக் குடிச்சுட்டான் பாய்!”

“அண்ணாந்து குடிக்க வேண்டியதுதான?”

“அண்ணாந்தா ஒங்க கிரீடம் கழண்டு விழுந்துருமே! அம்புட்டுப் பெருசு.”

“அய்யய்யோ. அவரு என்ன செஞ்சாரு?”

“பாட்டில வாங்குனாரு. மிச்சத்த அவரும் வாய வச்சே குடிச்சாரு. கண்ண மேடைய விட்டு எடுக்கல.”

பாய் கிரீடத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடுத்த வருசத்துக்குச் சின்னதாக்கி வைக்கவா?”

“ஆத்தாடி, வேணாம் பாய்! இது பெருசாவே இருக்கட்டும்.”