காதுக்குள் சொன்ன சொற்கள்

"...கிளினிக்குல பேச்சு பழக்குற மிஸ், வீட்டுல இவகிட்ட சத்தமா பேசிப் பழக்கத்தான் சொன்னாங்க அக்கா. நான்தான் காதுக்குள்ள சொல்லிக் குடுத்தேன்."

டிக்கோயா பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், ஆட்டிசம் உள்ள ஐந்து வயது மகளை மடியில் வைத்திருந்த தாய், பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்.

"ஏன்டி அப்படி?"

"தோட்டத்து லயத்துல வரிசையா ஒட்டுன வீடுங்க, ரெண்டு வீட்டுக்கும் ஒரு செவருதானே. பக்கத்து வீட்டுல கேட்டா சிரிப்பாங்கன்னு வெக்கம். இப்ப பேசுறா, ஆனா எல்லாத்தையும் காதுக்குள்ளதான் சொல்றா. ஏன்னு மிஸ் கேட்டாங்க. தலையக் குனிஞ்சிக்கிட்டேன்."

"நீ மாமியாவோட சண்டை போடுறது மேல்லயம் வரைக்கும் கேக்குது. அதுக்கு வெக்கமில்லையா?"

மகள் அவள் காதில் வாய் வைத்து ஏதோ சொன்னாள். தாய் சுற்றிலும் பார்த்தாள். பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி, "தண்ணியா வேணும் தங்கம்? தண்ணி!" என்றாள்.