மரத்துல இருந்த ஒரே பழம்

வாயக் கொஞ்சம் திறங்க தம்பி. இன்னும் கொஞ்சம். ஆங், போதும், மூடிக்கங்க. மேல் முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சந்து, இடது பக்கத்துப் பல்லு லேசா திரும்பி நிக்குது. இப்ப இந்தப் பழத்தோலப் பாருங்க. வாஷிங் மெஷின் பின்னால கிடந்துச்சு. அதே சந்து, அதே திருப்பம். இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் பல் செட் செய்யறவன். இந்த ஊர்ல பாதிப் பேரு என் கைவேலையாலதான் மெல்றாங்க. முகம் எனக்கு மறந்து போகும், கடி மறக்காது.

உக்காருங்க. அய்யோ, அந்த ஸ்டூல் வேணாம், அதுல ஒருத்தரோட கீழ்த்தாடை காயுது. இப்படி வாங்க. கோவமா? எனக்கா? சேச்சே. மெஷின ரிப்பேர் பண்ண வந்தீங்க. அது பின்பக்க வராண்டாவுல இருக்கு. தோட்டத்துக் கதவு திறந்து கிடந்துச்சு, மரத்துல ஒத்தப் பழம் தொங்குச்சு, வயித்துல பசி. பறிச்சீங்க, தின்னீங்க. அதுல என்ன இருக்கு? கதவ நான் பூட்டல தம்பி, சும்மா சாத்தினேன். ஆனா நீங்க தின்னது என்னன்னு தெரியாமப் போகக் கூடாது பாருங்க.

ஆரஞ்சா? ஆமா, ஆரஞ்சுதான். அதுக்கென்னவா? தம்பி, அந்த ஜன்னல் வழியா பாருங்க. இன்னும் ஒரு மாசம் போனா அங்க முழங்கால் வரைக்கும் பனி கிடக்கும். கார்க் கதவு உறைஞ்சு போய் வெந்நீர் ஊத்தித் திறக்கணும். இந்த ஊர்ல வெளியில ஒரு ஆரஞ்சு மரம் பாத்திருக்கீங்களா நீங்க? பாத்திருக்க மாட்டீங்க. அது நிக்கணும்னுதான் நான் இத்தன வருஷமா மல்லுக்கட்றேன்.

இந்த வீட்ட வாங்கினப்ப வேலி ஓரத்துல ஒரு முள்ளுச்செடி இருந்துச்சு. எவ்வளவு பனி கொட்டினாலும் அதுக்கு ஒரு கவலையும் கிடையாது. காய் இத்துனூண்டு உருண்டையா, மேல பூனை முடி மாதிரி மயிரோட இருக்கும். வாசன, அப்பப்பா, அப்படியொரு வாசன. வாயில வெச்சீங்களோ, சோப்புத் தண்ணியில மண்ணெண்ணெய் கலந்து குடிச்ச மாதிரி இருக்கும். இன்னொரு பக்கம், என் வீட்டுக்காரி சமையக்கட்டு ஜன்னல்ல தொட்டியில வெச்சிருந்த ஆரஞ்சு. பழம் தேன். ஆனா குளிர் காலத்துல ஜன்னல அரை அடி திறந்தாப் போதும், கோவிச்சுக்கிட்டு இலை மொத்தத்தையும் கொட்டிடும். எனக்கு ஒரு நாள் திடீர்னு தோணுச்சு. அவனுக்கு உடம்பு நல்லா இருக்கு, குணம் சரியில்ல. இவளுக்கு குணம் தங்கம், உடம்பு முடியல. ரெண்டையும் சேத்து வெச்சா என்ன?

பல்லு பாலிஷ் போடற பிரஷ் ஒண்ணு எடுத்தேன். முள்ளுச்செடிப் பூவுலேருந்து மகரந்தத்தத் தொட்டு ஆரஞ்சுப் பூவுல தடவிக்கிட்டிருக்கேன், வீட்டுக்காரி வேலை முடிச்சு வந்து நிக்கறா. அவ டவுன் பஸ் டிரைவர். என்ன பண்றீங்கன்னு கேட்டா. சம்பந்தம் முடிக்கிறேன்னேன். பெரியவங்க கிட்ட கேட்டீங்களான்னா. அவ அப்படித்தான்.

பழத்துல விதை வந்துச்சு, விதைச்சேன். பல் அச்சு எடுக்கற தட்டுலதான். முளைச்சு வந்துச்சு பாருங்க, முக்காவாசி அப்படியே அம்மாவோட அச்சு. அந்த ஜாதியில அது ஒரு கூத்து. அப்பங்காரனுக்கு அதுல ஒரு பங்கும் இருக்காது, அம்மாவே தன்னைத் தானே நகல் எடுத்து விட்டிருக்கும். கலப்பு எதுன்னு எப்படித் தெரியும்னா, இலையப் பாக்கணும். முள்ளுச்செடிக்கு ஒவ்வொரு இலையும் மூணாப் பிரிஞ்சிருக்கும். அந்த மூணு இலை எந்தக் கன்னுல வருதோ, அதுதான் ரெண்டு பேருக்கும் பொறந்தது. மத்ததெல்லாம் குப்பைன்னேன். வீட்டுக்காரி விடுவாளா? பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போயி ஏர்றவங்க எறங்கறவங்க கையில எல்லாம் ஒண்ணொண்ணாக் குடுத்துட்டா. கொஞ்ச நாள் அந்த பஸ்ஸப் பாத்தா நர்சரி வண்டி மாதிரியே இருந்துச்சு.

விதையிலேருந்து வர்ற மரம் லேசுல காய்க்காது தம்பி. வருஷக்கணக்கா வெறும் முள்ளுதான். கடைசியா ஒண்ணு காய்ச்சுச்சு. யாரு முதல்ல ருசி பாக்கறது? என் மச்சான், வீட்டுக்காரியோட அண்ணன், நான் பாக்கறேன்னு வீரமா முன்னால வந்தாரு. அவரு ஏலம் விடறவரு. ஒரு சுளைய முழுங்கினாரு, நாக்கு மரத்துப் போச்சு. மறுநாள் ஏலத்துல ஒரு பழைய பியானோ. மனுஷனுக்கு ஒரு தரம்னு சொல்ல வாய் வரல. கையாலயே சைகை காட்டியிருக்காரு. கடைசியில, தலையச் சொறிஞ்ச யாரோ ஒருத்தர் வீட்டுக்குப் போயிடுச்சு பியானோ. அன்னையிலேருந்து அவரு எங்க வீட்டுக்கு வந்தா தண்ணி குடிக்கக்கூட யோசிப்பாரு.

சிரிக்காதீங்க. ஆனா குளிர்ல அது சாகலல்ல? அதான் முக்கியம். அந்தக் கசப்புக்காரனோட மகரந்தத்த எடுத்து மறுபடியும் இனிப்புக்காரிக்கே தடவினேன். கசப்பு பாதியாக் குறையணும்னு கணக்கு. அதுல வந்த கன்னுங்க வீடு பூரா. குளிக்கற தொட்டியில, மாடிப்படியில, துணி அலமாரிக்கு மேல. குளிக்கப் போனா முள்ளுக்கிட்ட உத்தரவு வாங்கணும். இதுல எது குளிரத் தாங்கும்னு எப்படித் தெரியும்? வெளிய வெக்கணும். தாங்கறது தாங்கும், சாகறது சாகும். இதுல வேற வழியே இல்ல. வீட்டுக்காரிக்கு அது பொறுக்கல. பெத்த பிள்ளைங்கள வாசல்ல நிறுத்தின மாதிரி இருக்குன்னா. ஒரு வருஷம் கடும்பனி. காலையில போய்ப் பாத்தா ஒரு கன்னுகூடச் சாகல. எனக்கு ஆகாசத்துல பறக்கற மாதிரி இருந்துச்சு. தெரிஞ்சவங்களுக்கெல்லாம் போன் போட்டு, ஜெயிச்சுட்டேன் ஜெயிச்சுட்டேன்னு கத்தினேன். அப்புறம் தொட்டியத் தள்ளி வெக்கப் போனா நடுவுல ஒரு வெந்நீர்ப் பை. அந்தப் பக்கம் ஒண்ணு. அவளோட பழைய ஸ்வெட்டருங்க எல்லாம் வேலிக்குப் பின்னால மடிச்சுக் கிடக்குது. நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் உள்ள ஓடிடுச்சு. அவ ஒரே வார்த்ததான் சொன்னா. குளிருது பாவம்னா.

அப்புறம் இனிமே தொட மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினா. சொன்ன மாதிரியே நின்னா. அதனாலதான் போன குளிர்ல எல்லாம் போச்சு. ஆமா, எல்லாம். காலையில கதவத் திறந்தா வரிசையா கருகி நிக்குது, யாரோ தீ வெச்சுட்டுப் போன மாதிரி. வேலி ஓரத்துல அந்தக் கன்னுங்கள்ல ஒண்ணே ஒண்ணு மட்டும் பச்சையா இருந்துச்சு. நீங்க பறிச்சீங்களே, அந்த மரம்தான்.

எனக்கு அதுக்கப்புறம் எதுவும் ஓடல தம்பி. இந்த அறைக்கு வந்து உக்காருவேன், மெழுகு சூடு பண்ணுவேன், அது ஆறிப் போகும், திரும்ப சூடு பண்ணுவேன். ஒரு பெரியவருக்கு ரெண்டு மேல் செட் செஞ்சு அனுப்பிட்டேன். கீழ் செட்டே இல்ல. அவரும் நல்ல மனுஷன், ஒண்ண மாட்டிப் பாத்துட்டு இன்னொண்ண எங்க மாட்டறதுன்னு போன்ல கேக்கறாரு. தோட்டத்துப் பக்கமே நான் போறதில்ல. வீட்டுக்காரி முன்னெல்லாம் இந்தச் செடிங்களப் பத்தி எவ்வளவோ கிண்டல் பண்ணுவா. அந்தச் சமயத்துல கிண்டலே கிடையாது. அவ கிண்டல் பண்ணாம இருந்தாத்தான் எனக்கு பயம்.

அப்பதான் போன வாரம், தோட்டத்துலேருந்து கத்தறா. ஏங்க, ஓடி வாங்க, உங்க மரம் காய்ச்சிருச்சு! செருப்புகூடப் போடாம ஓடினேன். தொங்குது. உருண்டையா, மஞ்சளும் சிவப்புமா, பளபளன்னு. அவ என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கறா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சத்தியமா வந்துடுச்சு. அன்னிக்கே அவ அண்ணனுக்குப் போன் பண்ணிட்டா. எல்லாரும் சேந்துதான் அறுக்கணும், அவருதான் முதல்ல திங்கணும்னு. மச்சான் பயந்துக்கிட்டேதான் ஒத்துக்கிட்டாரு. இன்னிக்கு வர்றாங்க. அவங்களக் கூட்டிட்டு வரத்தான் அவ ஸ்டேஷனுக்குப் போயிருக்கா. நல்ல காலம், ரயில் லேட்டாம், இப்பதான் போன் பண்ணினா.

அழாதீங்க தம்பி. அட, நீங்க ஏன் கால்ல விழறீங்க, எந்திரிங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எப்படி இருந்துச்சு? இனிப்பா? சும்மா எனக்காகச் சொல்லாதீங்க. நல்ல இனிப்பா? கசப்பு? தொண்டையில எண்ணெய் மாதிரி ஏதாவது? ஒண்ணுமே இல்லையா?

அதான, எப்படி இருக்கும்? அது தெருமுக்குக் கடைப் பழம்.

ஆமா. என்ன முழிக்கறீங்க? அந்த மரம் பூக்கவே இல்ல தம்பி. தோட்டத்துக்குப் போகலன்னாலும், இந்த மேசையிலேருந்து ஜன்னல் வழியா அதைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன். பூக்காத மரத்துல திடீர்னு பழுத்த பழம் வருமா? நீங்க பறிக்கும்போது சட்டுனு வரலல்ல? எப்படி வரும்? பல்லிடுக்கு சுத்தம் பண்ற நூலு, இந்த மேசையிலேருந்து எடுத்து மூணு முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கா. கடைக்காரன் ஒட்டின ஸ்டிக்கரப் பிச்சுட்டா, பசை மட்டும் பிசுபிசுன்னு இருந்துச்சு. அவ உள்ள போனதும் நான்தான் எச்சி தொட்டுத் துடைச்சு விட்டேன். மச்சான் கையில ஒட்டிக்கிட்டா அவளுக்கு அசிங்கமாப் போயிடும்ல.

அவகிட்டயே கேக்கறதா? எப்படிக் கேக்கறது? அன்னிக்கு ராத்திரி சோறு போடறா, ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கீறல். என்ன ஆச்சுன்னேன். பூனை பிராண்டிடுச்சுன்னா. எங்க தெருவுலயே பூனை கிடையாது தம்பி. அந்தக் கையோடதான் மறுநாள் ஸ்டியரிங் பிடிச்சா.

இதையெல்லாம் சொல்லாம, போயி ஒரு பழம் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லியிருந்தா நீங்க வண்டிய எடுத்துக்கிட்டு அப்படியே ஓடியிருப்பீங்க. இப்ப ஓட மாட்டீங்க. முக்குல திரும்பினா நீலப் படுதா போட்ட கடை. மரத்துல கட்டறத நான் பாத்துக்கறேன், ஏணிய மட்டும் பிடிச்சுக்கங்க. அதே அளவு, அதே நெறம். மச்சான் முன்னாடி நானும் ஒரு சுளை தின்னுட்டு, இதுக்குத்தாண்டி இத்தன வருஷம்னு அவகிட்ட சொல்லணும்.

இருங்க இருங்க, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். நீங்க தின்னதுல விதை இருந்துச்சா? ஒண்ணுகூட இல்லையா? அவசரத்துல கவனிக்காம வாங்கியிருக்கா. நீங்க விதை இருக்கற ஜாதியாக் கேட்டு வாங்குங்க தம்பி. நாளைக்குக் காலையில விதைக்கணும்.