இருபது விநாடிக்கு ஒருமுறை

வீட்டு ரவுட்டருக்கு ஞாபகமறதி அதிகம். இணையத் தொலைபேசி பொருத்துவதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இது பாலபாடம். உள்ளே இருக்கும் போனுக்கு வெளியுலகில் சொந்த முகவரி கிடையாது. ரவுட்டர்தான் தன் முகவரியை இரவல் கொடுத்து, யாருக்குக் கொடுத்தோம் என்று நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த நினைவு ஒரு நிமிடம் தாங்கினால் பெரிது. அதனால் போன், இருபது விநாடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று ஒரு சிறு தகவலை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அனுப்பாவிட்டால், வரும் அழைப்பு யாருக்கு என்று தெரியாமல் ரவுட்டர் அதை வாசலோடு விட்டுவிடும். உள்ளே மணி அடிக்காது.

நான் அந்தத் தகவலை நிறுத்தினேன். போனின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரே ஒரு டிக். அதை எடுத்தேன், அவ்வளவுதான்.

போன் என் மாமனாருடையது. என் மனைவி போன பிறகும் அவர் என்னோடுதான் இருந்தார். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் நாங்கள் இரண்டே பேர். சமைத்துப் போட்டேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், நகம் வெட்டிவிட்டேன். பெற்ற மகன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். அந்த மகன் வெளிநாட்டில் இருந்தான். அக்காவின் சாவுக்கு இரண்டு நாள் தாமதமாக வந்து, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனவன். ஒருநாள் என் கைபேசியில் அழைத்து, அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவரைத் தன்னோடு கூட்டிப்போக வேண்டும் என்றான். மாமனார் பக்கத்திலேயே இருந்தார். நடுவில் தூது எதற்கு, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தன் போனுக்கே கூப்பிடட்டும் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

அந்த ஞாயிறு சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, ஒன்பது மணிக்கே போனருகே உட்கார்ந்தார். மணி அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. நான்காவது ஞாயிறு, போனில் ஏதும் கோளாறோ என்று கேட்டார். என் கைபேசிக்கு ஒருமுறை கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டார், ரவுட்டருக்கு நினைவு வந்தது. அந்த ஒரு நிமிடத்துக்குள் நான் திருப்பிக் கூப்பிட்டேன். மணி கணீரென்று அடித்தது.

"போன் நல்லாத்தான் இருக்கு மாமா. கூப்பிடத்தான் ஆளில்ல."

மகனுக்கு அவராகவே போன் செய்திருக்கலாம். வெளியே போகும் அழைப்பை நான் தொடவே இல்லை. ஆனால் அவர் வீம்பு எனக்குத் தெரியும். மைத்துனனிடம், அப்பா கோபத்தில் வயரைப் பிடுங்கிவிடுகிறார், நீ விடாமல் முயற்சி செய் என்றேன். அவனும் விடவில்லை.

மாமனார் சாப்பாட்டைக் குறைத்தார். மாத்திரையை வாயில் ஒதுக்கி, நான் அந்தப் பக்கம் போனதும் துப்பினார்.

"எனக்குன்னு நீங்க ஒருத்தர்தான் மாப்பிள்ளை" என்றார் ஒரு மதியம்.

கல்யாணமான நாளிலிருந்து, பன்னிரண்டு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. அன்றே டிக்கைத் திரும்ப வைத்திருக்கலாம். இன்னொரு முறை சொல்லட்டுமே என்று இருந்துவிட்டேன். மறு வியாழன் காலை, அதே நாற்காலியில், போனைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார்.

டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன் டிக்கை வைத்தேன். வேலையில் குறை வைத்து எனக்குப் பழக்கமில்லை. கொள்ளியையும் நானே வைத்தேன்.

ஞாயிறு பத்து மணிக்கு மணி அடித்தது. எடுத்தேன்.

"அப்பா?" என்றான்.

அந்தச் சொல்லை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சொல்லுப்பா" என்றேன்.

ஏழு வாரம் ஆகிறது. அவன் சந்தோஷமாக இருக்கிறான். என்னைக் கூட்டிப்போக டிக்கெட் எடுத்துவிட்டானாம். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. ஞாயிறுதோறும் சவரம் செய்துகொண்டு, ஒன்பது மணிக்கே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். அவன் அழைப்பு ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை.