என் தொட்டி எப்பவும் சுத்தம்

உட்காரலாமா? ரொம்ப நன்றிங்க. டீ மட்டும் வேண்டாம். அந்தக் கிளாஸை யாரோ அவசரத்துல கழுவியிருக்காங்க, விளிம்பைப் பார்த்தாலே தெரியுது. தப்பா எடுத்துக்காதீங்க, என் சுபாவமே அப்படி. கல்யாணமான புதுசுல என் பொண்டாட்டி கழுவி வச்ச பாத்திரத்தை எல்லாம் நான் இன்னொரு தடவை கழுவுவேன். கொஞ்ச நாள் அழுதா. அப்புறம் கழுவுறதையே நிறுத்திட்டா. வீட்டுல சண்டை சச்சரவு இல்லாம போச்சு.

ஓட்டலும் அப்படித்தான் நடத்தினேன். பொரிச்ச கோழிதான் எங்க கடையில ஓடுற சரக்கு. எண்ணெய் இல்லாம அந்த வியாபாரம் இல்ல, ஆனா எண்ணெய்ப் பிசுக்கு ஒரு இடத்துல தெரியாது. அப்போதான் அந்தச் சட்டம் வந்துச்சு. பாத்திரம் கழுவுற தண்ணி நேரா சாக்கடைக்குப் போகக்கூடாது, நடுவுல ஒரு தொட்டி வைக்கணும். கொழுப்பு மேல மிதந்து தங்கிடும், தண்ணி மட்டும் அடி வழியா வெளியே போகும். தொட்டியில கால்வாசிக்குக் கொழுப்பு சேர்ந்தா வழிச்சு எடுத்துடணும். எடுக்காம விட்டா கடைக்குப் பூட்டு. நல்ல சட்டம்தான். நான் குறையே சொல்லல.

பளபளன்னு எவர்சில்வர்லயே ஒரு தொட்டி வாங்கி வச்சேன். ஒரு வாரம் கழிச்சு மூடியைத் திறந்து பார்த்தா, ஐயா, சொல்லவே நாக்கு கூசுது. மேல ஆடை கட்டி, அதுல சோத்துப் பருக்கை ஒட்டிக்கிட்டு, ஒரு மொச்சை நாத்தம். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. இவ்வளவு அழகான பொருளை இப்படிப் பாழாக்குறதுக்கு மனுஷனுக்கு மனசு வருமா?

பக்கத்துக் கடை என் தங்கச்சி வீட்டுக்காரரோடது. தங்கமான மனுஷர். ரெண்டு சமையல்கட்டுக்கும் நடுவுல ஒரே சுவர்தான், அவரோட தொட்டி சுவருக்கு அந்தப் பக்கம் தரைக்குக் கீழ இருந்துச்சு. ஒரு விடுமுறை நாள்ல பிளம்பரைக் கூப்பிட்டு, என் கடையில வெந்நீர்ல பாத்திரம் கழுவி விடுற குழாயைச் சுவர் வழியா அங்க திருப்பி விட்டேன். பிளம்பர் தலையைச் சொறிஞ்சான். "பேசாம வேலையைப் பாருப்பா"ன்னேன். என் தொட்டியைத் தேய்ச்சுக் கழுவி, குழாய்த் தண்ணியை ரொப்பி வச்சேன்.

சுகாதார அதிகாரி வந்தார். குச்சியை விட்டுப் பார்த்தார், குச்சி சும்மா ஈரமா வந்துச்சு. "தொட்டின்னா இப்படி இருக்கணும்யா"ன்னு அசந்துட்டார். அப்புறம் மத்த ஓட்டல்காரங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து காட்ட ஆரம்பிச்சார். நானும் தொட்டியைத் தேய்ச்சுக் கழுவுற வழிமுறையை ஒளிக்காம சொல்லிக்கொடுத்தேன்.

மாப்பிள்ளை தொட்டிதான் நிரம்பிக்கிட்டே இருந்துச்சு. அவர் வந்து, "மச்சான், நேத்துதான் வழிச்சேன், அதுக்குள்ள நிரம்பிடுச்சு"ன்னார். "நீங்க எண்ணெயைக் குறைக்கணும் மாப்பிள்ளை"ன்னேன். குறைச்சார். அப்பவும் நிரம்புச்சு. பொரிக்கிறதையே விட்டார். சூப்பும் அவிச்ச காய்கறியும்னு ஆயிடுச்சு கடை. அங்க வந்துக்கிட்டிருந்த கூட்டம் என் கடைக்கு வந்துச்சு. நான் கூப்பிடல, அவங்களா வந்தாங்க. கூட்டம் கூடக் கூட என் கடையில பொரிக்கிறதும் கூடுச்சு, அவர் தொட்டியும் அதுக்குத் தகுந்த மாதிரி நிரம்புச்சு.

தங்கச்சி பாவம், புருஷனைச் சந்தேகப்பட்டா. வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையை மோந்து பார்ப்பாளாம். "திருட்டுத்தனமாப் பொரிக்கிறீங்களா?"ன்னு கேட்பாளாம். அவர் புள்ளைங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கார். எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு. நேர்ல போய், நீளப் பிடி போட்ட கரண்டி ஒண்ணு அவருக்குப் பரிசாக் கொடுத்துட்டு வந்தேன். குனிஞ்சு குனிஞ்சு வழிச்சு அவருக்கு இடுப்பு போயிடுச்சு பாருங்க.

கடைசியில அதிகாரி அவர் கடைக்குப் பூட்டு போட்டுட்டார். மேற்கொண்டு விசாரிச்சு உரிமத்தையே ரத்து பண்ணிடுவோம்னும் சொன்னாங்க. என்கிட்ட அபிப்பிராயம் கேட்டப்போ, "அவருக்குச் சுத்தம் கொஞ்சம் மட்டுதான்"னு உள்ளதைச் சொன்னேன். மாப்பிள்ளை பக்கத்துல நின்னு தலையை ஆட்டினார். அவரே அதை நம்ப ஆரம்பிச்சுட்டார்.

பூட்டு போட்டா வழிக்க ஆள் இருக்காதுங்கிறதை நான் யோசிக்கல. அது என் கவனக்குறைவு, ஒத்துக்கிறேன். ஒரு நாள் மத்தியானம் பூட்டின ஷட்டருக்கு அடியில இருந்து தெருவுக்கு வழிஞ்சுடுச்சு. அதுல கால் வச்சு மல்லாக்க விழுந்தது அந்த அதிகாரியேதான். எழுந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே பூட்டைத் திறந்து உள்ளே போனார், நானும் பின்னாடியே போனேன். அடுப்புல எல்லாம் ஒட்டடை கட்டியிருக்கு. தொட்டி மட்டும் நிரம்பி வழியுது, அதுவும் ஆவி பறக்க.

"அடுப்பே எரியாத கடையில சுடச்சுடக் கொழுப்பு எங்கய்யா இருந்து வருது?"ன்னு கேட்டவர், சுவத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "போய் உன் கடையில ஒரு தட்டைக் கழுவு"ன்னார். கழுவினேன். அந்தப் பக்கம் களகளன்னு சத்தம் கேட்டுச்சு.

நான்தான் செஞ்சேன். குழாயைத் திருப்பினது நான், நிரம்புறது தெரிஞ்சும் பேசாம இருந்தது நான், அவரைக் குத்தம் சொன்னதும் நான். வாக்குமூலமாவே எழுதிக்கோங்க, எங்க கையெழுத்துப் போடணுமோ போடுறேன்.

மாப்பிள்ளை இடிஞ்சுபோய்ச் சுவத்தைத் தடவிப் பார்த்துக்கிட்டு நின்னார். தங்கச்சிதான் என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டா: "கூடப் பொறந்தவ குடும்பத்துக்கு எவனாவது இப்படிச் செய்வானா?" எனக்கு அவ கேள்வியே புரியல. எனக்கும் மனசாட்சி இருக்குங்க. என் வீட்டு அழுக்கைக் கொண்டுபோய் ஊர்ல எவனோ ஒருத்தன் தலையில கொட்டுவேனா? சொந்தத் தங்கச்சி வீட்டுக்காரர்ங்கிறதாலதான் செஞ்சேன்.