சாலை வட்டத்தில் ஒன்பதாவது கார்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருந்தகை கமலநாதன் ஐயா அவர்களே! காஹாங் வட்டாரத்துப் பெரியோர்களே! வாரம் முழுதும் வேலை பார்த்தும் வாட்டம் காட்டாது வந்திருக்கும் தாய்மார்களே! கார்ச் சாவியை விரலில் சுழற்றியபடி கடைசி வரிசையில் நிற்கும் அண்ணன்மார்களே! நான்காம் படிவ மாணவி பிரவீனாவின் பணிவான வணக்கம்.

சாலைப் பாதுகாப்பு நாளில் நான் பேச வந்திருப்பது சாலை வட்டத்தைப் பற்றி. ஆம், ரவுண்டபோட்டைப் பற்றித்தான். சிரிக்கிறீர்களா அண்ணா? சிரியுங்கள். சென்ற மாதம் வரை நானும் சிரித்திருப்பேன்.

சென்ற மாதம் என் அத்தை மகன் குணாளன் அத்தானுக்குப் பரிசம் போட்டார்கள். பெண் வீடு கோத்தா திங்கியில். சீர்த்தட்டுகளை ஒற்றைப்படையில் எடுப்பது நம் வழக்கம் அல்லவா? கார்களையும் அப்படியே எடுத்தோம். ஒன்பது கார்கள்! ஒன்பதிலும் ரிப்பன்! ஒன்பதிலும் இடமும் வலமும் ஒருசேர மின்னும் டபுள் சிக்னல்! முதல் காரில் மாப்பிள்ளை. ஒன்பதாவது காரில் நாங்கள். ஓட்டியவர் என் அப்பா காளியப்பன். பக்கத்தில் நான். அப்பாவின் முதுகுக்குப் பின்னே, பழத்தட்டை மடியில் ஏந்தி என் தங்கை லோஷினி.

ஊர் எல்லையில் சாலை வட்டம் வந்தது. கைப்பேசியில் அத்தானின் குரலும் வந்தது.

"மாமா, கேப் விடாதீங்க! விட்டா எவனாச்சும் பூந்துருவான் லா! ஒட்டிக்கிட்டே வாங்க!"

எட்டுக் கார்கள் நுழைந்துவிட்டன. அப்பா முன்னால் ஆடிய ரிப்பனைப் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தாரா? பார்க்கவில்லை! வலப்பக்கம் வந்தது என்ன? எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக் குலைகள் மலையாய்க் குவிந்த லோரி!

ஹாரன் அலறியது. பிரேக் கதறியது. எங்கள் கதவுக்கு ஒரு முழம் தள்ளி லோரி நின்றது. அந்த ஒரு முழத்துக்கு இப்பால் இருந்தவர்கள் யார்? என் அப்பா. அவருக்குப் பின்னே பதினொரு வயது லோஷினி. பழங்கள் அவள் காலடியில் உருண்டன. அவள் அழவில்லை. தட்டை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள்.

லோரியிலிருந்து சர்புதீன் என்ற ஓட்டுநர் இறங்கினார். திட்டுவார் என்று நினைத்தோம். அவரோ எங்கள் கார் விளக்குகளைச் சுட்டிக் காட்டினார்.

"அண்ணே, ரெண்டு பக்கமும் மின்னுது. நீங்க எந்தப் பக்கம் போறீங்கன்னு நான் எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது?"

"கல்யாணக் காரு தம்பி... நின்னு வழி விடுவீங்கன்னு நெனச்சுட்டேன்."

"நான் நிப்பேண்ணே. பின்னாடி இருக்குற பத்து டன்னு நிக்கணுமே!"

அன்பார்ந்தவர்களே! வட்டத்துக்குள் இருக்கும் வண்டிக்கே முதல் உரிமை. நம் நாட்டில் அந்த வண்டி வலப்பக்கமிருந்து வரும். ஆகவே வேகத்தைக் குறையுங்கள், வலப்பக்கம் பாருங்கள், இடைவெளி கிடைத்த பிறகே நுழையுங்கள். முன்னால் போனவர் பார்த்துவிட்டாரே என்று நம்பலாமா? அவர் பார்த்தது அவருக்கான இடைவெளி! இடப்பக்கமோ நேராகவோ போகிறவர் இடத் தடத்தில் செல்லுங்கள். வலப்பக்கம் போகிறவர் வலத் தடத்தில், வலச் சிக்னலோடு செல்லுங்கள். உங்கள் வழிக்கு முந்திய வழியைக் கடந்ததும் இடச் சிக்னல் போட்டு, கண்ணாடியில் மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று பார்த்து வெளியேறுங்கள். டபுள் சிக்னல் மின்னிக்கொண்டிருந்தால் இந்தச் சிக்னல் யார் கண்ணுக்குத் தெரியும்?

என்ன அண்ணா, வழியைத் தவறவிட்டாலா? நிற்காதீர்கள், பின்னால் எடுக்காதீர்கள். இன்னொரு சுற்றுச் சுற்றி வாருங்கள். காருக்கு எண்ணெய்தான் கொஞ்சம் கூடச் செலவாகும்!

ஆனால் அவையோரே, நான் பாடம் நடத்த மட்டும் வரவில்லை. வரும் ஞாயிறு அத்தானின் திருமணம். அதே சாலை, அதே வட்டம். இம்முறை பதினொரு கார்கள். கடைசிக் கார் மீண்டும் அப்பாவுக்கு. அதில் மீண்டும் லோஷினி. "அக்கா, நான் தனியா வந்துடறேனே" என்று அப்பா கேட்டார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாப்பிள்ளையின் தாய், என் அத்தை புஷ்பவள்ளி சொன்ன பதில் என்ன?

"நல்ல காரியத்துல வரிசைய அறுக்கப் பாக்குறியா காளி? பயமா இருந்தா பஸ் ஏறி வா!"

அத்தை, மேடையேறிக் கேட்பது தவறென்றால் மன்னியுங்கள். வீட்டில் கேட்டேன். "போய்ப் படி" என்றீர்கள். படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். வரிசை அறுந்தால் அபசகுனமா? அந்த ஒரு முழம் அரை முழமாகியிருந்தால் அது என்ன சகுனம்? சாலையில் அறுந்த வரிசை மண்டப வாசலில் சேர்ந்துவிடும். சாலையில் போன உயிர் எந்த வாசலில் சேரும்? சொல்லுங்கள் அத்தை, எந்த வாசலில்?

அத்தை எழுந்துவிட்டார். வெளியே போகிறீர்களா அத்தை?... இல்லை, மேடைக்கு வருகிறார். ஒலிவாங்கியா? இதோ, பிடியுங்கள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. ஞாயித்துக்கிழம அவங்கவங்க தனித்தனியா வாங்க. ரிப்பன் கட்டிக்கலாம், அந்த டபுள் சிக்னல அணைச்சுடுங்க. அரை மணி முன்னாடியே கெளம்புங்க. காளி, நீ நிதானமா வா. உன் காரு வந்தப்புறந்தான் மேளம்."

அதோ, அவையில் என் அப்பா தலை குனிந்து கண்ணைத் துடைக்கிறார். இதற்கு மேல் நான் பேச ஒன்றுமில்லை. வாக்களித்த அத்தைக்கும் வாய்ப்பளித்த தலைவருக்கும் பொறுத்துக் கேட்ட அவைக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பதினொரு கார்களும் பத்திரமாய் வந்து சேரட்டும். வணக்கம்!